சாமி இல்லாத கோயிலும் தண்ணீர் இல்லாத ஆறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதிய கடிதம் வந்திருந்தது. கடைசியில் தன் வயது 65 என்று போட்டிருந்தார். எனக்கு 67. அதனால் ‘பெரியவர்’ என்பதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குடியாத்தத்துத் தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பி எழுதியதன் சாரம், இருபது வயதில் வாழ்ந்ததுதான் வாழ்க்கை, இப்போது காலையில் மாத்திரை டப்பாவைத் திறப்பது, ராத்திரி மூடுவது, நடுவில் பேப்பர் என்பதுதான். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “சரியாத்தான் எழுதிக்கிறாரு” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த இடம் மேஜை விளிம்பு. பாதி உள்ளே, பாதி வெளியே. விழாமல் பிடித்தது நான்.

ஆகவே இந்தக் கடிதம் பாதி குடியாத்தத்துக்கு, பாதி வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு. நான் வாயால் சொன்னால் அவர் காதில் ஏறாது. பேப்பரில் அச்சாகி வந்தால் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நான் 1978-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வயது 20. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் டிரங்க் கால் என்றால் விழிக்கிறார்கள். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 180-ஐச் சுழற்றி எங்களிடம் பதிவு செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. ஆர்டினரியைக் காலையில் பதிந்தால் சாயங்காலம் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமல் கேன்சல் ஆனாலும் ஆகும். அர்ஜெண்டுக்கு இரண்டு மடங்கு காசு. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. அதைப் பதிகிறவர் குரலைக் கேட்டாலே வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கார்டு வயரை எடுத்து ஜாக்கில் சொருகி, அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, ஆளைப் பிடித்து, டிக்கெட்டில் நேரம் குறித்து, மூன்று நிமிஷம் ஆனதும் “த்ரீ மினிட்ஸ் ஓவர்” என்று நடுவில் குரல் கொடுப்போம். உங்கள் ஊர் லுங்கி வியாபாரிகள் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் அடிக்கடி பேசுவார்கள், தம்பி. நீங்களும் அந்த நாளில் எங்கேயாவது பேசியிருந்தால், “லைன் கிடைக்கல சார், கொஞ்சம் இருங்க” என்று சொன்னது நானாகக்கூட இருக்கலாம். கோபித்துக்கொண்டிருந்தால் இப்போது மன்னித்துவிடுங்கள்.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருப்பதால் எங்கள் போர்டுக்கு வங்காளத்துக் கால்கள் நிறைய வரும். வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள் காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் லாட்ஜ் லாட்ஜாகத் தங்கியிருப்பார்கள். எனக்கு வங்காளி தெரியாது. ஆனால் “பாலோ ஆச்சே” என்றால் ‘நல்லா இருக்கார்’ என்று அர்த்தம் என்பது சேர்ந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தை காதில் விழுந்தால் எங்களுக்கும் அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் ஒருவர் பர்த்வான் பக்கத்தில் ஒரு கடைக்கு லைட்னிங் பதிந்தார். ஆளை வரவழைத்துப் பேசும் பி.பி. கால். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் “ஹலோ, ஹலோ” என்கிறது. இந்தப் பக்கம் இவர் வாயே திறக்கவில்லை. அழுகிறார் என்பது மூச்சில் தெரிந்தது. மூன்று நிமிஷம் முடிந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. நான்கு ஆனது, ஐந்தும் ஆனது. டிக்கெட்டில் மூன்று என்றுதான் எழுதினேன். இதை இப்போது வெளியே சொன்னால் பென்ஷனில் பிடிப்பார்களோ என்னவோ, பிடித்தால் பிடிக்கட்டும். அப்போது எனக்கு 24 வயது.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கும் அந்த நாட்கள் மேல் ஏக்கம் இல்லாமல் இல்லை. இரண்டு ஊருக்கு நடுவில், இரண்டு மனிதருக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். இன்று பேத்தி ஓசூரிலிருந்து வீடியோவில் வந்து விழுந்த பல்லைக் காட்டுகிறாள். நடுவில் ஒரு மனுஷி இல்லை. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருக்கென்று படும்.

ஆனால் ஏக்கம் என்று வந்தால் முழுசாகக் கணக்குப் பார்க்க வேண்டுமல்லவா? தம்பியும் என் வீட்டுக்காரரும் வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள்.

என் இருபது வயதின் செலவுப் பக்கம் இது. முதல் சம்பளத்திலிருந்து 1986 வரைக்கும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் நைனா கையில் கொடுத்தேன். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் நான்கு குடும்பம், “ராத்திரி பத்து மணிக்குத் தனியா பஸ்ஸைவிட்டு எறங்குற பொண்ணா?” என்று கேட்டுவிட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுப் போய்விட்டது. ஒன்பது மணிக்கு டூட்டி முடிந்தால் பத்து மணிக்குத்தானே வீட்டுக்கு வர முடியும்? ஐந்தாவதாக வந்த விருதம்பட்டுக்காரர், “ஃப்ரீயா பேசுறதுக்கு ஆளு கெடைச்சுது” என்று சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு 29 வயது, 1987. கல்யாணப் பத்திரிகையில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று அச்சாகியிருக்கும். வடாற்காடு 1989-ல் ஒரு தடவை, 2019-ல் இன்னொரு தடவை உடைந்தது, நாங்கள் இரண்டு பேர்தான் உடையவில்லை என்று அவர் சொல்வார். அவர் இதுவரை சொன்னதில் நல்ல வாக்கியம் அது.

மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டுப் படுத்த சுகத்தைப் பற்றியும் தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், நட்சத்திரம் தெரியும். எங்கள் தெருவில் நட்சத்திரத்தோடு கொசுவும் சேர்ந்து வரும். விடிகாலையில் கையும் காலும் தட்டை தட்டையாகத் தடித்திருக்கும். வேலூர் மே மாத வெயிலில் காய்ந்த தளம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் முதுகைச் சுடும். இன்று நானும் அவரும் ஏ.சி. போட்டுக் கதவை மூடிக்கொண்டு தூங்குகிறோம். இதைப் பாவம் என்று யாராவது சொன்னால் அவர் ஒரு மே மாதம் எங்கள் மாடியில் வந்து படுத்துக் காட்ட வேண்டும்.

இனி தலைப்பில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அழகில்லாத பெண்கள். ஐந்தாவதைச் சேர்த்தவன் எங்கள் எக்ஸ்சேஞ்சுப் பக்கம் வந்ததே இல்லை என்பதால் அதை விட்டுவிடலாம். மற்ற நான்கும் என் சின்ன வயதில் நூற்றுக்கு நூறு நிஜம்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்தது, கருவறையில் சுவாமி இல்லை. நாங்கள் தோழிகளோடு உள்ளே போவது கும்பிடுவதற்கு அல்ல, கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை தின்பதற்கு. லிங்கம் எங்கே இருந்தது தெரியுமோ? எங்கள் சத்துவாச்சாரியில், ஜலகண்ட விநாயகர் கோயிலில். என் ஆயா, அதாவது பாட்டி, தினமும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கோட்டைச் சாமி அவளுக்கு எங்கள் தெருச் சாமி.

1981 மார்ச் 16, திங்கட்கிழமை. மத்தியான டூட்டி. நான் உட்கார்ந்ததும் போர்டு முழுக்க விளக்கு எரிகிறது. மதராஸ், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, ஆரணி என்று ஒரே பதிவு. எடுத்த கால் எல்லாவற்றிலும் ஒரே செய்தி. சாமியைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பல நூறு வருஷமாக வெறும் இருட்டாக இருந்த இடத்தில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. எங்களில் இரண்டு பேர் ஹெட்போனைக் கழற்றாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்தால் ஆயா திண்ணையில் உட்கார்ந்து அழுதுக்கினு இருக்கிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். “ஊரே கொண்டாடுது, ஒனக்கு இன்னா ஆயா?” என்றால், “ஊருக்குச் சாமி வந்துச்சு, என் சாமி பூட்சு” என்றாள். அவளுக்கு அப்போது எழுபதுக்கு மேல். ஒரு மாதம் வரைக்கும் அதே புலம்பல். பக்கத்திலேயே இருந்துச்சு, காலையில எழுந்தா பாப்பேன், இனிமே எங்க போய்ப் பாக்கறது, காலமே கெட்டுப்போச்சு. குடியாத்தத்துத் தம்பியின் கடிதத்தை அப்போதே ஆயா எழுதிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல், டவுன் பஸ்ஸில் ஏறிக் கோட்டைக்குப் போய்விட்டாள். தனியாக பஸ்ஸில் போனது அதுதான் அவள் வாழ்க்கையில் முதல் தடவை. வீடே தேடியது. மத்தியானம் வந்து சேர்ந்தாள், மடியில் விபூதி, கையில் ஒரு முழம் கதம்பம், முகத்தில் திருட்டுச் சிரிப்பு. கண்டக்டர் அவளை உட்காரச் சொல்லி சீட்டு வாங்கிக் கொடுத்தானாம். அகழி ஓரத்தில் பேரிக்காய் விற்கிற அம்மா சிநேகிதமாகிவிட்டாளாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோட்டை. சாமி தெருவில் இருந்தவரை ஆயா தெருவைத் தாண்டியதில்லை. சாகும்வரை, அதாவது இன்னும் ஒன்பது வருஷம், அவள் பஸ் நேரத்தைச் சொல்லி வீட்டில் எல்லாரையும் விரட்டினாள். நாலணா பாக்கி தராத கண்டக்டர்கள் பற்றி அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது.

எனக்கு அப்போது இதெல்லாம் வேடிக்கை. இப்போதுதான் ஆயாவை அடிக்கடி நினைக்கிறேன்.

என் போர்டும் ஒருநாள் போனது. எண்பதுகளின் கடைசியில், ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத்துகள் வர ஆரம்பித்தன. மஞ்சள் போர்டும் கண்ணாடிக் கதவும் முளைக்க முளைக்க எங்கள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. என்னை 197-ல், நம்பர் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லப் போட்டார்கள். அப்புறம் பில் கவுண்டர். 2013 ஜூலையில் தந்தியும் நின்றது. 2018-ல் ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது, சரி செய்யவில்லை. எனக்கு இப்போது நேரம் பார்த்து என்ன ஆக வேண்டும்?

நாற்பது வருஷத்தில் கழுத்தும் இடது காதும் போயின. காதுக்கு மெஷின் மாட்டியிருக்கிறேன். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் சீரியல் அலறும்போதும், என் வீட்டுக்காரர் மீட்டர் கேஜ் ரயிலைப் பற்றி ஆரம்பிக்கும்போதும் விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். டிரங்க் போர்டில் கூட இந்த வசதி இல்லை.

ஆற்றுக்கு வருவோம். என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்தது பாலாற்றங்கரையில், விருதம்பட்டில். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 70. அவருக்கு ஆறு என்றால் மணல்தான். மணலில் கபடி, மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர், மயானக் கொள்ளை அன்றைக்கு மணல் கொள்ளாத கூட்டம். மழைக் காலத்தில் எப்போதாவது ஓரமாக ஒரு வாய்க்கால் அளவு ஓடும், நான்கு நாளில் நின்றுவிடும். “எங்க தாத்தா பாத்தாரு கரை தொட்ட தண்ணி, நான் பாக்காமலே போவப்போறேன்” என்பது கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட பாட்டு.

2021 நவம்பரில் வந்தது. அந்த மாதம் 19-ஆம் தேதி வாக்கில் ஆந்திரத்திலும் இங்கேயும் கொட்டிய மழையில் பொன்னையாறும் பாலாறும் சேர்ந்து, வாலாஜா அணைக்கட்டில் லட்சம் கன அடிக்கு மேல் போனதாகச் சொன்னார்கள். 1903-க்குப் பிறகு இப்படி வந்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அதே மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் செத்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அதை விட்டுவிட்டு வெள்ளத்தை அழகு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் போய்ப் பார்த்தோம். ஊரே காட்பாடிப் பாலத்துப் பக்கம் நின்றது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி ஊதிச் சலித்துப்போனார்கள். பழுப்பு நிறத் தண்ணீர், கரைக்குக் கரை. வாழை மரம் ஒன்று குலையோடு மிதந்து போனது. என் வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். வாயை மூடிக்கொண்டு அவர் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருக்கு 66 வயது. இருபதில் கேட்டது அறுபத்தாறில் கிடைத்தது. இளமையில் இது வந்திருந்தால் அவர் அதில் குதித்திருப்பார், செத்திருப்பார், நான் வேறு யாரையோ கட்டியிருப்பேன்.

ஆக, எங்கள் ஊர்ப் பழமொழியில் சாமியும் வந்தாயிற்று, தண்ணீரும் வந்து போயிற்று. என் வயதிலேயே இரண்டு பொய்யாகிவிட்டது. மலைக்கு மரம் வைக்கப் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடத்தோடு ஏறுகிறார்கள், பார்க்கிறேன். ராஜா வராமல் இருந்தால் நல்லது.

இப்போது என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று தம்பிக்குச் சொல்கிறேன். நாலரை மணிக்கு முழிப்பு வந்துவிடும், அலாரம் வேண்டாம். மாடியில் ஏழு சிமெண்டு சாக்கில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி வைத்திருக்கிறேன். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கத்திரிக்காய்தான். காம்பில் முள் குத்தும், குத்தாமல் பறிக்க ஒரு கை வேண்டும். சின்ன வயதில் அம்மா எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தால் எட்டுப் பேருக்குப் பங்கு, என் தட்டில் காய் ஒன்று, காம்பு இரண்டு. இன்றைக்கு முழுச் சட்டியும் என்னுடையது. காம்பை நான் சூப்புவது பழக்கத்தினால்தான். ஆற்காட்டுக்குப் போகிற நாளில் மக்கன் பேடா ஒன்று வாங்கிப் பாதிப் பாதி சாப்பிடுகிறோம். இரண்டு பேருக்கும் சர்க்கரை. முழுசு தின்ற காலத்தில் இத்தனை மெதுவாகத் தின்றதில்லை.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை கோட்டைப் பூங்காவில் பழைய டிரங்க் போர்டுக்காரிகள் கூடுகிறோம். ஒருத்தி காட்பாடி, ஒருத்தி பாகாயம், நான். நான்காவது ஆள் கொரோனா வருஷத்தில் போய்விட்டாள். அவளுக்குப் பிடித்த மிக்சரை இன்னமும் நான்கு பங்காகப் போட்டு, நான்காவதைக் காக்காய்க்கு வைக்கிறோம். டூட்டியில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்போம், எங்களுக்குள் பேச நேரம் இருக்காது. ஊரார் பேசவே எங்கள் வாய். இப்போது மூன்று மணி நேரம் பேசுகிறோம். மருமகளைப் பற்றி யாராவது நீட்டினால் மற்ற இருவரும் சேர்ந்து, “த்ரீ மினிட்ஸ் ஓவர்!” அகழிப் பக்கம் செல்ஃபி எடுக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். (போகிற போக்கில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அங்கே நாங்கள் உட்காரும் பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது. சம்பந்தப்பட்டவர்கள் கவனித்தால் தேவலை. மூன்று பேரின் எடையையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.)

கடைசியாகக் கண். இரண்டு வருஷத்துக்கு முன் ஆரணி ரோட்டில் இருக்கும் கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் புரை எடுத்தார்கள். பதினைந்து நிமிஷம் இருக்கும், ஐந்து டிரங்க் கால் நேரம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது நர்ஸம்மாவின் புடவை ஊதா என்பது. அதற்கு முந்தின நாள் வரை அதைப் பழுப்பு என்று சத்தியம் செய்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையலறைச் சுவரில் இத்தனை எண்ணெய்க் கறையா என்று இருந்தது. கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். தாடைக்குக் கீழே சுருக்கம், நெற்றியில் நான் வளர்த்தே இல்லாத கோடுகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் மாடிக்குப் போய்க் கத்திரிச் செடியில் பூ பார்த்தேன். ஊதாவில் நடுவே மஞ்சள். முள் கூடத் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. “எடுத்துடலாம்” என்றால், “இந்த வயசுக்கு மேல பாத்து இன்னா ஆவப்போவுது? பாக்க வேண்டியதெல்லாம் அப்பவே பாத்தாச்சு” என்கிறார். இரண்டு வருஷமாக இதே பதில்தான்.

போன மாதம் மழைக்குப் பிறகு பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முழு ஆறும் இல்லை, நடுவில் அகலமாக ஒரு ஓட்டம். சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. நான்கைந்து கொக்கு. அவர் அன்றைக்குப் போலவே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“அது மணலா, தண்ணியா?”

வாழ்க்கை பூரா ஆற்றில் தண்ணீர் இல்லையே என்று பாடியவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் என் காதில் மெஷின் அணைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது வழக்கம்போல மீட்டர் கேஜ் ரயிலைப் பற்றி ஆரம்பித்தார். அன்றைக்கு நான் மெஷினை அணைக்கவில்லை, முழுசும் கேட்டேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் புகை எப்படி வரும், ஜன்னல் கம்பி எப்படிச் சுடும், கரித்தூள் எப்படிக் கண்ணில் விழும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அத்தனையும் அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. எதிர் சீட்டில் உட்கார்ந்து எங்களுக்கு வணக்கம் வைத்தவர் அவருடைய தங்கை மகன் என்பதுதான் தெரியவில்லை.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தை நீளம் கருதி வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டுங்கள். லைட்னிங் கால், மொட்டை மாடி, மிக்சர் எது போனாலும் பரவாயில்லை. பாலத்துப் பகுதியை மட்டும் விட்டுவையுங்கள். முடிந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரியில் அவர் பெயருக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரங்க் ஆபரேட்டர்,
சத்துவாச்சாரி, வேலூர்.